பிணத்தைத் தொட்ட கையும் பெயரில்லாத கைகளும்: மதுசூதன் குப்தாவின் வாழ்க்கை

இந்திய மருத்துவ வரலாற்றை எழுதுவோர் ஏறத்தாழ அனைவரும் பண்டிதர் மதுசூதன் குப்தாவின் பெயரை ஒருமுறையேனும் குறிப்பிடுகிறார்கள். 1836ஆம் ஆண்டு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மனித உடலைத் தம் கையால் அறுத்துப் பார்த்த முதல் இந்தியர் என்பது அவருக்கு வழங்கப்படும் அடையாளம். சாதி இந்துச் சமூகத்தின் ஆயிரமாண்டு அச்சத்தை ஒரே நாளில் ஒரு கத்தியால் கிழித்தவர் என்று அவரைப் போற்றும் நூல்களுக்கும் குறைவில்லை. அப்புகழ் அவருக்குத் தகுதியற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால், அவ்வறையில் மேசைமீது கிடந்த உடல் யாருடையது, அதை அங்கே தூக்கிவந்தவர் யார், அறுத்து முடித்த பின் அள்ளிச் சென்றவர் யார் என்ற கேள்விகளைப் புகழுரைகள் எழுப்புவதில்லை. இக்கேள்விகளோடு அவரது வாழ்க்கையைப் படிக்கும்போது, ஒரு மருத்துவர் தம் கல்வியின் தொடக்கத்தில் உடற்கூறு மேசையருகே எதைக் கற்கிறார் என்பதும், அது அவரை வாழ்நாள் முழுதும் எவ்வாறு வழிநடத்துகிறது என்பதும் புலப்படுகின்றன.

வைத்தியச் சாதியும் சாத்திரமும்

மதுசூதன் குப்தா 1800ஆம் ஆண்டு வாக்கில் வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்திலுள்ள பைத்யபாடியில் பிறந்தார். அவரது குடும்பம் பைத்ய சாதியைச் சேர்ந்தது. வங்கத்துச் சாதி அடுக்கில் பார்ப்பனருக்கு அடுத்த நிலையை உரிமை கோரிவந்த சாதி அது. மருத்துவமே குலத்தொழில். மனுநூல் கூறும் அம்பட்டர் மரபே தாங்கள் என்று சொல்லிக்கொண்ட பைத்யர்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் ராஜா ராஜபல்லபரின் முயற்சியால் பூணூல் உரிமையும் பெற்றிருந்தார்கள். பைத்யச் சிறுவன் சமஸ்கிருத இலக்கணமும் மருத்துவ நூல்களும் கற்று, தந்தையின் அருகிருந்து நாடி பார்க்கவும் மருந்து கூட்டவும் பழகி வைத்தியனாவான். குப்தாவின் இளமைக்கல்வியும் இவ்வழியிலேயே அமைந்தது.

இக்கல்வியில் ஒரு பெரும் வெற்றிடம் இருந்தது. உடலின் உட்புறத்தைக் கண்ணால் கண்டறியும் வழக்கம் அதில் இல்லை. பழைய நூல்களில் அதற்கான விதி இல்லாமலில்லை. சுசுருத சம்கிதையின் உடற்கூற்றுப் பகுதி, பிணத்தைப் புல்லால் பொதிந்து கூட்டிலிட்டு ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவிட்டுப் பின் தோலையும் தசையையும் அடுக்கடுக்காகத் தேய்த்து நீக்கிக் காணச் சொல்கிறது. கையால் கண்டதும் நூலில் கற்றதும் ஒன்றுசேர்ந்தால்தான் அறிவு வளரும் என்பதே அந்நூலின் நிலைப்பாடு. அவ்வாறிருக்க, அவ்வழக்கம் ஏன் அழிந்தது? அறிஞர்கள் பல காரணங்களைச் சொன்னாலும், தீட்டு என்ற கோட்பாட்டை ஒதுக்கிவிட்டு இதற்கு விடை காண இயலாது.

மனுநூலின் ஐந்தாம் அத்தியாயம், எவரெவரைத் தொட்டால் குளிக்க வேண்டும் என்று வகுக்கும் இடத்தில் சண்டாளரையும் பிணத்தையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. பத்தாம் அத்தியாயம், உறவினர் எவருமில்லாத பிணங்களை அகற்றும் வேலையைச் சண்டாளருக்கு விதிக்கிறது. மருத்துவர்களையும் அந்நூல் விட்டுவைக்கவில்லை. நீத்தார் கடனுக்கு அழைக்கத் தகாதவர் வரிசையில் அவர்களைச் சேர்த்திருக்கிறது. நோயையும் குருதியையும் சீழையும் தொடுகின்ற கை தூய்மையற்றது என்பதே அதன் உட்கிடை. ஆகவே, மதிப்பை நாடிய மருத்துவச் சாதிகள் கையை விட்டு நூலைப் பற்றிக்கொண்டன. அறுவை, எலும்பு கட்டுதல், பேறு பார்த்தல் ஆகியன சாதி அடுக்கின் கீழ்ப்படிகளுக்குத் தள்ளப்பட்டன.

அங்கே அவை அழிந்துவிடவில்லை. புனே அருகே செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர், அறுபட்ட மூக்கை நெற்றித்தோலால் மீட்டுருவாக்கிய செய்தி 1794ஆம் ஆண்டு இலண்டன் இதழொன்றில் வெளியாகி ஐரோப்பிய அறுவை மருத்துவர்களை வியப்பில் ஆழ்த்தியது. இன்றைய ஒட்டறுவையின் வரலாறு அந்நிகழ்வைத் தன் தொடக்கப் பக்கங்களில் குறிக்கிறது. அச்செய்தியில் நோயாளியின் பெயர் இருக்கிறது; அறுவை செய்தவருக்குச் சாதி மட்டுமே இருக்கிறது. தமிழகத்தில் முடிதிருத்தும் சமூகத்தினர் மருத்துவர் என்றும், அவர்தம் பெண்கள் மருத்துவச்சி என்றும் அழைக்கப்பட்டதை இங்கே நினைவுகூரலாம். உடலைத் தொட்டறிந்த அறிவு எந்தக் கைகளில் வாழ்ந்தது என்பதை அச்சொற்களே சொல்கின்றன. அக்கைகளுக்கு நூலும் பள்ளியும் மறுக்கப்பட்டன. நூல் வைத்திருந்தவர்களோ தொட மறுத்தார்கள். இந்திய மருத்துவத்தின் தேக்கத்திற்கு இப்பிளவு ஒரு முதன்மைக் காரணம் என்று நாம் கருதுகிறோம்.

எலும்பிலிருந்து உடலுக்கு

1826ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் மருத்துவ வகுப்பு தொடங்கப்பட்டபோது குப்தா அதில் சேர்ந்தார். பழைய நூல்களோடு ஐரோப்பிய உடற்கூற்றியலும் அங்கே சிறிதளவு கற்பிக்கப்பட்டது. ஜான் டைட்லர் என்ற ஆங்கில மருத்துவர் விரிவுரை நிகழ்த்தினார். மாணவர்கள் மனித எலும்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். விலங்குகளின் மென்பகுதிகளை அறுத்துப் பார்த்தார்கள். எலும்பைத் தொட்டதும் சாதி போய்விடவில்லை என்பதை அவ்விளைஞர்கள் அறிந்துகொண்ட இடம் அது. பின்னாளில் நிகழ்ந்த பெரும் மீறலுக்கு இச்சிறு மீறல்களே படிக்கட்டாயின. 1830இல் குப்தா அவ்வகுப்பின் ஆசிரியரானார்.

ஆசிரியர் என்ற முறையில் அவர் செய்த முதற்பெரும் பணி மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் வழங்கிய ஹூப்பரின் உடற்கூற்றுக் கையேட்டை அவர் சமஸ்கிருதத்திற்குக் கொண்டுவந்தார். மறுபுறம், சுசுருத சம்கிதையைப் பதிப்பிக்கும் பணியையும் ஏற்றார். அதன் இரு தொகுதிகளும் 1835, 1836ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. பிணத்தை நீரில் ஊறவிட்டு ஆராயச் சொன்ன பழைய நூலை அச்சில் ஏற்றிய அதே ஆண்டுகளில், அதன் பதிப்பாசிரியரே கத்தியைக் கையிலெடுத்தார் என்பது தற்செயலன்று. சாத்திரத்தின் பெயரால் எதிர்ப்பு வரும் என்று அறிந்தவர், சாத்திரத்திலிருந்தே விடையைத் தேடி வைத்திருந்தார்.

1835ஆம் ஆண்டு சனவரியில் தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கின் ஆணை, சமஸ்கிருதக் கல்லூரி, மதரசா ஆகியவற்றின் மருத்துவ வகுப்புகளையும், 1822 முதல் இயங்கிவந்த இந்தியர் மருத்துவப் பள்ளியையும் ஒருசேர மூடியது. அவற்றின் இடத்தில் ஆங்கிலவழி மருத்துவக் கல்லூரி தோன்றியது. சென்னையிலும் அதே ஆண்டில்தான் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. கல்கத்தாக் கல்லூரிக்கு மவுண்ட்ஃபோர்ட் ஜோசப் பிராம்லி தலைவரானார். உடற்கூற்றியலை ஹென்றி குடீவ் கற்பித்தார். மூடப்பட்ட வகுப்பிலிருந்து அழைத்துக்கொள்ளப்பட்ட குப்தா, உடற்கூறு செயல்விளக்கப் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டார்.

அவ்வாணையின் ஒரு கூறு நம் கவனத்திற்குரியது. சாதி, சமய வேறுபாடின்றி எல்லா வகுப்பினருக்கும் கல்லூரி திறந்திருக்கும் என்று அது அறிவித்தது. அதே மூச்சில், மாணவர்கள் மதிப்புக்குரிய குடும்பத் தொடர்பும் நடத்தையும் உடையவராக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்தது. மதிப்பு யாருக்கு உண்டு என்பதைச் சாதியே தீர்மானித்த சமூகத்தில் அந்நிபந்தனை எவரை வெளியே நிறுத்தியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆங்கில அறிவும் நுழைவுக்குத் தேவைப்பட்டது; ஆங்கிலப் பள்ளிகளோ மேல்சாதிச் செல்வர்களின் பிடியில் இருந்தன. சட்டத்தில் திறந்திருந்த கதவு நடைமுறையில் மூடியே கிடந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிணங்களைத் தொட்டு, தூக்கி, எரித்து, உடலின் கட்டமைப்பைப் பழக்கத்தால் அறிந்திருந்த டோம் சமூகத்தினருக்கு அவ்வகுப்பறையில் இருக்கை இல்லை.

1836

குப்தா மனித உடலை அறுத்த நாள் எது என்பதில் இருவேறு குறிப்புகள் உள்ளன. 1836 சனவரி 10 என்பது ஒன்று. அக்டோபர் 28 என்பது மற்றொன்று. அவரைத் தொடர்ந்து உமாசரண் சேட், ராஜகிருஷ்ண தே, துவாரகாநாத் குப்தா, நவீன் சந்திர மித்ரா ஆகிய மாணவர்கள் கத்தியை எடுத்தார்கள் என்று கல்லூரி வரலாறு பதிவு செய்திருக்கிறது. வில்லியம் கோட்டையிலிருந்து 50 குண்டுகள் முழங்கி அந்நிகழ்வு கொண்டாடப்பட்டதாக ஒரு கதையும் வழங்கிவருகிறது. அக்காலப் பதிவுகளில் அதற்குப் போதிய சான்றில்லை என்று பின்வந்த ஆய்வாளர்கள் ஐயுற்றிருக்கிறார்கள். பீரங்கி முழங்கியதோ இல்லையோ, காலனிய அரசு அந்நிகழ்வைத் தன் வெற்றியாகவே கண்டது என்பதில் ஐயமில்லை. மூடநம்பிக்கையில் கிடந்த இந்தியரைத் தான் மீட்டதாகச் சொல்லிக்கொள்ள அதற்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. பின்னாளில் டிரிங்க்வாட்டர் பெத்தூன், பெல்னோஸ் அம்மையார் தீட்டிய குப்தாவின் ஓவியத்தைக் கல்லூரிக்கு வழங்கி அவரைச் சிறப்பித்தார்.

குப்தா செய்தது எளிய செயலன்று. சாதி விலக்கம் என்பது அக்காலத்தில் வெறும் சொல்லாக இருக்கவில்லை. திருமண உறவு, உணவுப் பந்தி, ஈமச்சடங்கு என வாழ்வின் எல்லாத் தொடர்புகளையும் அறுத்துவிடும் தண்டனை அது. அதை எதிர்நோக்கியே அவர் அவ்வறைக்குள் நுழைந்தார். பண்டிதர் ஒருவர் தொட்டுவிட்டார் என்ற முன்மாதிரியே மாணவர்களின் தயக்கத்தை உடைத்தது. ஆங்கில ஆசிரியர் எத்தனை முறை எடுத்துரைத்திருந்தாலும் கிட்டாத துணிவை, தம்மைப் போன்ற ஒருவரின் கை தந்தது. தொடக்கநிலை ஆசிரியரின் ஆற்றல் இதில்தான் இருக்கிறது. அவர் சொல்வதைவிட, அவர் எதைத் தயங்காமல் செய்கிறார் என்பதையே மாணவர் தம் தொழிலின் இலக்கணமாக எடுத்துக்கொள்கிறார்.

மேசை உருவாக்கிய மருத்துவர்கள்

அடுத்த ஆண்டுகளின் எண்ணிக்கைகள் மாற்றத்தின் வேகத்தைக் காட்டுகின்றன. 1837இல் மாணவர் முன்னிலையில் அறுக்கப்பட்ட உடல்கள் 60. மறு ஆண்டில் அது இருமடங்கானது. 1844இல் 500ஐத் தாண்டியது. பத்தாண்டு நிறைவதற்குள், தீண்டத்தகாததாக இருந்த ஒன்று அன்றாடப் பாடமாகிவிட்டது.

இப்பாடம் உருவாக்கிய மருத்துவர் முந்தைய வைத்தியரிலிருந்து அடிப்படையில் வேறுபட்டவர். நூலில் படித்த நரம்பு எந்தத் தசைக்கு அடியில் ஓடுகிறது என்பதை அவர் விரலால் அறிந்திருந்தார். வீக்கத்தைத் தொடும்போது அதன் கீழே என்ன இருக்கிறது என்று மனக்கண்ணில் காண அவரால் இயன்றது. கல்லடைப்புக்கோ அழுகிய காலுக்கோ கத்தி வைக்கும்போது எதை வெட்டக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1838இன் இறுதியில் தேர்வில் வென்ற முதல் அணியினர் வங்க மாகாண நகரங்களின் மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்தியர் என்பதால் துணைநிலைப் பதவிகளே அவர்களுக்குக் கிட்டின. ஆயினும் அறுவை செய்யத் தெரிந்த இந்திய மருத்துவர் என்ற புதிய வகையினர் அவர்களோடு தோன்றினார்கள்.

1845இல் குடீவ் நான்கு மாணவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். போலாநாத் போஸ், கோபால் சந்திர சீல், துவாரகாநாத் போஸ், சூரியகுமார் சக்கரவர்த்தி ஆகிய அவர்களுள் இருவரின் செலவைத் துவாரகாநாத் தாகூர் ஏற்றார். சக்கரவர்த்தி 1855இல் போட்டித் தேர்வின் வழியே இந்திய மருத்துவப் பணிக்குள் நுழைந்த முதல் இந்தியரானார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்வரை எண்ணிப் பார்க்க இயலாத இப்பயணங்களுக்கெல்லாம் அடித்தளம் அந்தத் தொடக்கநிலை வகுப்புதான். கடல் கடந்தால் சாதி போகும் என்ற அச்சத்தை வெல்லும் மனநிலை, பிணத்தைத் தொட்டால் சாதி போகும் என்ற அச்சத்தை வென்ற அறையிலேயே அவர்களுக்கு வாய்த்திருக்க வேண்டும் என்பது நம் கணிப்பு.

குப்தாவின் வாழ்வில் இன்னொரு கூறும் மதிக்கத்தக்கது. பிறருக்குச் செயல்விளக்கம் தந்துவந்த அவரே 1840இல் கல்லூரித் தேர்வை எழுதிச் சான்றிதழ் பெற்றார். நாற்பது வயதை நெருங்கிய ஆசிரியர் தம் மாணவர்கள் எழுதிய தேர்வை எழுதுவதற்குத் தயங்கவில்லை. பின்னர், ஆங்கிலம் அறியாத மாணவர்களுக்காக நடத்தப்பட்ட இந்துஸ்தானி வகுப்பின் பொறுப்பும், 1852இல் தொடங்கிய வங்கமொழி வகுப்பின் பொறுப்பும் அவரிடம் வந்தன. இலண்டன் மருந்து நூலை வங்கமொழியில் ஆக்கினார். உடற்கூற்றியலையும் வங்கமொழியில் எழுதினார். ஆங்கிலப் பள்ளிக்குச் செல்லும் வசதியற்றோர் மருத்துவம் கற்க அவ்வகுப்புகள் வழிசெய்தன. அங்கே பயின்றவர்கள் படைப்பிரிவுகளிலும் சிற்றூர் மருந்தகங்களிலும் பணியாற்றினார்கள். உயர்ந்த அறிவை ஒரு மொழியின் மதிலுக்குள் அடைத்துவைக்கக் கூடாது என்பதை அவர் நடைமுறையில் காட்டினார். நீரிழிவு நோய் முற்றிய நிலையில் குருதி நச்சாகி, 1856 நவம்பரில் அவர் காலமானார்.

தீட்டு எங்கே போனது?

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விகளுக்குத் திரும்புவோம். மேசைமீது கிடந்தவர்கள் யார்? உரிமை கோர எவருமற்ற ஏழைகள். வறுமையில், கொள்ளைநோயில், வேலை தேடி வந்த நகரத்தில் இறந்தவர்கள். இங்கிலாந்திலும் 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றுச் சட்டம், ஏழையர் விடுதிகளில் இறந்து உரிமை கோரப்படாத உடல்களையே மருத்துவப் பள்ளிகளுக்கு வழங்கியது. எங்கும் ஏழையின் உடலே பாடநூலாயிற்று. இந்தியாவில் அதன்மீது சாதியும் அமர்ந்துகொண்டது. உறவினரற்ற பிணத்தைச் சண்டாளரே அகற்ற வேண்டும் என்று மனு விதித்த அதே வேலையை, புதிய அறிவியல் நிறுவனம் டோம் சமூகத்தினரிடமே ஒப்படைத்தது. நாற்றமெடுக்கும் உடலைத் தூக்கிவருதல், கழுவுதல், அறுத்தபின் எஞ்சியதை அகற்றுதல், எலும்புகளை வேகவைத்துத் தூய்மைப்படுத்துதல் ஆகியன அவர்கள் தலையில் விழுந்தன. முதலில் கத்தியை எடுத்த மாணவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. அவ்வுடலை அறைக்குள் கொண்டுவந்தவரின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

ஆகவே, 1836இல் தீட்டு ஒழிந்துவிட்டது என்று சொல்வது முழு உண்மையாகாது. அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அறிவுக்காகத் தொடும் தொடுகை மதிப்புப் பெற்று, பட்டமும் பதவியும் ஓவியமும் கண்டது. கூலிக்காகத் தொடும் தொடுகை பழைய இழிவிலேயே விடப்பட்டது. ஒரே உடலைத் தொட்ட இரு கைகளுள் ஒன்று வரலாற்றுக்குள் நுழைந்தது. மற்றொன்று தன் சேரிக்குத் திரும்பியது. சாதி என்பது வேலையை மட்டும் பிரிப்பதன்று, வேலை செய்யும் மனிதரையே பிரித்து அடுக்குவது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்றைத் தேட வேண்டியதில்லை.

இக்குறைக்குக் குப்தா ஒருவரையே பொறுப்பாக்குவது நியாயமாகாது. தம் காலத்தில் தமக்கு எட்டிய எல்லையை அவர் கடந்தார். ஆனால், தீட்டைச் சாத்திரத்தின் துணைகொண்டு வென்றதால், சாத்திரம் மனிதர்மீது சுமத்திய தீட்டு கேள்விக்குள்ளாகவில்லை. மருத்துவத்திற்காகப் பிணத்தைத் தொடலாம் என்பது நிறுவப்பட்டது. பிணத்தைத் தொடுபவர் தீண்டத்தகாதவர் என்ற விதி, டோம்களைப் பொறுத்தவரை அப்படியே நின்றது. சலுகை பெற்றோர் தங்களுக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொள்ளும் சீர்திருத்தங்கள் பெரும்பாலும் இவ்வாறே முடிகின்றன.

இன்றைய முதலாண்டு மாணவர்

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் இப்பிரிவினை உயிரோடிருக்கிறது. மேற்கு வங்கத்தில் பிணவறை ஊழியரின் பதவியே மக்கள் வழக்கில் டோம் என்றுதான் அழைக்கப்படுகிறது. ஒரு சாதியின் பெயர் வேலையின் பெயராக நிற்கிறது. 2021ஆம் ஆண்டு கொல்கத்தாவின் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி, பிணங்களைக் கையாளும் ஆய்வக உதவியாளர் பணியிடங்கள் ஆறுக்கு விளம்பரம் செய்தபோது ஏறத்தாழ 8,000 பேர் விண்ணப்பித்தார்கள். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்ற அவ்வேலைக்குப் பொறியாளர்களும் முதுநிலைப் பட்டதாரிகளும் போட்டியிட்டது நாடெங்கும் செய்தியானது. வேலையின்மையின் கொடுமை என்று அதைப் பலரும் பேசினார்கள். அத்தனை காலம் அவ்வேலையைச் செய்துவந்தவர்களின் பிள்ளைகள் அதே கட்டடத்தின் வகுப்பறைகளுக்கு ஏன் வரவில்லை என்பது பேசப்படவில்லை.

நாட்டின் பல மருத்துவமனைகளில் பிணக்கூறாய்வின்போது உடலைத் திறப்பதும் தைப்பதும் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த ஊழியர்களே. மருத்துவர் சற்றுத் தள்ளி நின்று குறிப்பெடுக்கிறார் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக இருந்துவருகிறது. காவல் மரணங்களிலும் சாதிக் கொலைகளிலும் நீதியின் முதல் ஆவணமாக விளங்குவது பிணக்கூறாய்வு அறிக்கை. கையெழுத்திடுபவர் தம் கையால் ஆராயவில்லையெனில், அவ்வறிக்கையின் நம்பகத்தன்மை தளர்கிறது. கொல்லப்பட்ட தலித் ஒருவரின் உடலில் இருந்த காயம் பதிவாகாமல் போவதற்கு, மருத்துவர் இருபது ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு வகுப்பில் கற்ற ஒரு விலகலும் காரணமாகலாம். உடலை அணுகுவது யாருடைய வேலை என்று அவருக்கு அன்று எவரும் சொல்லிக்கொடுத்திருக்கத் தேவையில்லை. தூக்கிவந்தவரையும் துடைத்தவரையும் பெயர் சொல்லி அழைக்காத ஆசிரியர்களைக் கண்டிருந்தாலே போதும்.

2019 முதல் நடைமுறையிலுள்ள புதிய மருத்துவப் பாடத்திட்டம், பிணவுடலை முதல் ஆசிரியராக மதிக்க மாணவருக்குக் கற்பிக்கும் பகுதியொன்றைச் சேர்த்திருக்கிறது. பல கல்லூரிகளில் மாணவர்கள் அவ்வுடலின்முன் உறுதிமொழி ஏற்கிறார்கள். வரவேற்கத்தக்க மாற்றம் இது. எனினும், இறந்தவருக்குத் தரப்படும் மதிப்பு, அவரைச் சுமந்துவந்த உயிருள்ள மனிதருக்கு ஏன் நீளவில்லை என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் தலித், பழங்குடி மாணவருக்கேனும் அது கிட்டுகிறதா? தில்லி எய்ம்ஸில் நிலவிய சாதிப் பாகுபாட்டை ஆராய்ந்த தோரட் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கை, விடுதியிலும் வகுப்பிலும் வாய்மொழித் தேர்விலும் அம்மாணவர்கள் ஒதுக்கப்பட்டதை ஆவணப்படுத்தியது. தோலை நீக்கிப் பார்த்தால் எல்லா உடலும் ஒன்று என்று நாள்தோறும் நிறுவும் அறிவியலைப் பயின்றவர்களே அப்பாகுபாட்டைச் செய்தார்கள். கண்ணெதிரே கிடக்கும் சான்று தானாகவே மனத்தை மாற்றிவிடாது. அச்சான்றுக்குப் பொருள் சொல்லித் தரும் ஆசிரியர் வேண்டும்.

நம் கோரிக்கைகள் எளியவை. பிணவறையிலும் உடற்கூறு அறையிலும் பணியாற்றுவோர் பாதுகாப்புக் கருவிகளும் நிலையான ஊதியமும் முறையான தொழில்நுட்பப் பயிற்சியும் பதவி உயர்வும் பெற வேண்டும். அவ்வேலை எந்தச் சாதியின் பெயராலும் அழைக்கப்படக் கூடாது. பிணக்கூறாய்வை மருத்துவர் தம் கையால் செய்வது கண்காணிக்கப்பட வேண்டும். முதலாண்டு உடற்கூறு பாடத்தில், அவ்வறையின் வரலாறும் அதைத் தாங்கிநின்ற சமூகங்களின் உழைப்பும் இடம்பெற வேண்டும்.

கொல்கத்தாவில் மதுசூதன் குப்தாவின் பெயரை நினைவுகூரும் ஒவ்வோர் ஆண்டும், பண்டிதர் ஒருவர் தம் சாதியை இழக்கத் துணிந்தார் என்று பேசப்படுகிறது. அத்துணிவுக்கு நாமும் தலைவணங்குகிறோம். இழப்பதற்கு அத்தகைய மதிப்பு எதையும் சமூகம் விட்டுவைக்காத நிலையிலும், அவருக்கு முன்பும் பின்பும் நாள்தோறும் அவ்வுடல்களைத் தொட்டவர்கள் இருந்தார்கள். இந்திய மருத்துவம் அவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறது. அக்கடனைத் தீர்க்கும் வழி, அவர்களின் பிள்ளைகள் அம்மேசையின் மறுபக்கத்தில், கத்தியும் நூலும் கையில் ஏந்தி, எவ்வித இழிவுமின்றி நிற்பதற்கு இடம் தருவதே.